அமெரிக்க ரிசர்வ் படையிலிருந்து ஓய்வுபெற்ற சட்டமன்ற உறுப்பினரை எங்கள் ஊரில் எப்படிக் கௌரவிப்பது?

கேள்வி: கணியம்பாடிக்காரர்

பெரியோர்களுக்கு வணக்கம். வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு சிற்றூரில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். பட்டாளத்து ஊர் என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை எங்களுக்கு அக்கம்பக்கம்தான். எங்கள் ஊரிலும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது.

எங்கள் ஊரைச் சேர்ந்த காலஞ்சென்ற சுபேதார் ஒருவரின் மகன் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்று, அங்கேயே குடியுரிமை பெற்று, அந்நாட்டுத் தரைப்படையின் ரிசர்வ் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருக்கிறார். சில ஆண்டுகளாக அங்குள்ள ஒரு மாநிலச் சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினர். அண்மையில் அவர் படையிலிருந்து ஓய்வுபெற்றபோது, அந்தச் சட்டமன்றத்தில் இரு கட்சியினரும் எழுந்து நின்று பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்களாம். அந்தத் தீர்மானத்தின் படியை அவருடைய தாயார் கண்ணாடிச் சட்டமிட்டு, சீருடையில் இருக்கும் தம் கணவரின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார். படத்துக்குக் கீழே சுபேதாரின் கறுப்பு இரும்புப் பெட்டி, வெள்ளைச் சாயத்தில் எழுதிய படை எண்ணோடு இன்றும் அப்படியே இருக்கிறது.

அவர் தை மாதம் ஊருக்கு வருகிறார். பெரிய ஃபிளெக்ஸ் வைத்து, மேடை போட்டு, கட்சிப் பிரமுகர்களை அழைக்க வேண்டும் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். நம் நாட்டுப் படையில் பணியாற்றாத ஒருவருக்கு நாம் ஏன் விழா எடுக்க வேண்டும் என்று வேறு சிலர் கேட்கிறார்கள். தாயாரைக் கேட்டபோது, "எம்.எல்.ஏ.ன்னு போடாதீங்கப்பா, அவங்க அப்பா மாதிரி பட்டாளத்துக்காரன்னு போடுங்க" என்று மட்டும் சொன்னார். எது முறை என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற சுபேதார், காட்பாடி

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். அந்தத் தாயார் சொன்னதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. அவருடைய மகன் பெற்றிருப்பது படைப்பணியிலிருந்து ஓய்வு. சட்டமன்றப் பதவி அவருக்கு இன்னும் இருக்கிறது. எனவே விழா முடிந்துபோன பணிக்குத்தான் எடுக்கப்பட வேண்டும்.

ரிசர்வ் படை என்றால் நம் ஊரில் பலருக்கு அது ஏதோ பெயரளவுக்கான பதவி என்ற எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் ரிசர்வ் வீரர் வழக்கமாக மாதத்தில் ஒரு வார இறுதியும், ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போக வேண்டும். அரசு அழைத்தால் வேலை, வீடு அனைத்தையும் விட்டுவிட்டு முழுநேரப் பணிக்கும் போக வேண்டும். ஓய்வூதியத் தகுதிக்கு 20 ஆண்டுகள் வேண்டும். ஓர் ஆண்டு கணக்கில் சேர வேண்டுமானால் அந்த ஆண்டில் பயிற்சிக்கும் பணிக்கும் தரப்படும் புள்ளிகளில் குறைந்தது 50-ஆவது ஈட்டியிருக்க வேண்டும். அப்படி ஈட்டிய ஓய்வூதியமும் பெரும்பாலும் 60 வயதில்தான் கைக்கு வரும். மற்றவர்கள் பிள்ளைகளோடு கழிக்கும் சனி, ஞாயிறுகளை இருபது ஆண்டு காலம் கொடுத்த மனிதர் அவர் என்பதைச் சங்கத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் இதே போன்ற அமைப்பு உண்டு. 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1949 அக்டோபர் 9 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கிவைத்த டெரிட்டோரியல் ஆர்மிதான் அது. சொந்தத் தொழிலோ வேலையோ உள்ளவர்கள், ஆண்டில் சில வாரங்கள் சீருடை அணிந்து பயிற்சி பெறுகிறார்கள். சச்சின் பைலட் 2012-லும் அனுராக் தாக்கூர் 2016-லும் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்கும்போதே அதில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் செனட்டர் லிண்ட்சே கிரஹாம் விமானப்படையின் சட்டப் பிரிவில், முழுநேரமாகவும் ரிசர்விலுமாக 33 ஆண்டுகள் இருந்துவிட்டு 2015-இல் கர்னலாக ஓய்வுபெற்றார். உங்கள் ஊர்ப் பிள்ளை செய்தது இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய காரியம்.

மேடையில் ஒரு பாராட்டு மடல் வாசியுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தப் பிரிவில் இருந்தார், எங்கெல்லாம் அனுப்பப்பட்டார், எந்தப் பதவியில் ஓய்வுபெற்றார் என்பவற்றை அவரிடமே கேட்டு எழுதுங்கள். 'மாவீரர்' போன்ற சொற்களைப் பட்டாளத்தில் இருந்தவர்கள் விரும்புவதில்லை. படைப்பதவியை முதலில் எழுதி, பின் பெயரை எழுதி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று போடுவதே எங்கள் வழக்கம், ஏனென்றால் ஓய்வுபெறுவது ஆள்தான், பதவி அன்று. அவர் பயிற்சிக்குப் போன நாள்களில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் பெயரும் மடலில் இருக்கட்டும்.

மறுமொழி: அணைக்கட்டு வாசகர்

என் தம்பி இப்போது வடக்கு எல்லையில் இருக்கிறான். ஆகவே மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவர் நேர்மையாக உழைத்திருப்பார். ஆனால் நம் நாட்டுக்காகக் கணவரை இழந்துவிட்டு, உங்கள் ஊரிலேயே இருக்கும் பெண்களுக்கு இதுவரை ஒரு சால்வையாவது போர்த்தியிருக்கிறீர்களா? அவர்களைக் கீழே உட்காரவைத்துவிட்டு வெளிநாட்டுப் படையில் இருந்தவரை மேடையேற்றினால் அது எனக்குச் சம்மதமில்லை.

மறுமொழி: வழக்கறிஞர், சத்துவாச்சாரி

சட்டத்தைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்கிறேன். சட்டம் இயற்றுபவர் படையிலும் இருக்கலாமா என்ற ஐயம் இரு நாடுகளிலும் எழுந்ததுதான். நம் அரசியலமைப்பின் 102-ஆவது பிரிவின்படி ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. ஆனால் 1959-ஆம் ஆண்டின் தகுதியிழப்புத் தடுப்புச் சட்டம் டெரிட்டோரியல் ஆர்மி, என்.சி.சி. ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அமெரிக்காவில் அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ரிசர்வில் இருப்பதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று மட்டும் 1974-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டு, மூலக் கேள்விக்கு விடை கூறாமல் விட்டுவிட்டது.

ஃபிளெக்ஸ் விஷயத்தில் கவனமாக இருங்கள். படைவீரர்களின் படங்களைக் கட்சி விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-இல் அறிவுறுத்தி, 2019 மார்ச்சில் மீண்டும் வலியுறுத்தியது. உங்கள் விழா தேர்தல் விளம்பரம் இல்லையென்றாலும், சீருடைப் படத்தையும் கட்சித் தலைவர்களின் படங்களையும் ஒரே பேனரில் போடாதீர்கள். மூவர்ணக் கொடியைப் பொன்னாடையாகப் போர்த்தவும் கூடாது. கொடி விதிகள் அதை அனுமதிப்பதில்லை. சாதாரணக் கைத்தறித் துண்டு போதும்.

மறுமொழி: ஆசிரியை, குடியாத்தம்

அணைக்கட்டு சகோதரரின் வருத்தம் நியாயமானது. அதற்கு விழாவிலேயே இடம் இருக்கிறது. முதல் சால்வையைப் படைவீரர்களின் மனைவியருக்குப் போர்த்திவிட்டு, பிறகு இவரை அழைக்கலாம்.

வெளிநாட்டுப் படை என்ற தயக்கத்துக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஊர்கள் சிலவற்றில், 1914-இல் தொடங்கிய பெரும்போருக்கு அந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், இத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்று பொறித்த கல் சாவடியிலோ பள்ளிச் சுவரிலோ பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவர்கள் போனது பிரிட்டிஷ் கொடியின் கீழ். ஆனாலும் அந்தக் கல்லைக் கண்டால் நாம் செருப்பைக் கழற்றுகிறோம், ஏனென்றால் போனவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால் விழாவை அங்கேயே வையுங்கள்.

கணியம்பாடிக்காரரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. கல் இருக்கிறது, அம்மா. சாவடிச் சுவரில் பதித்தது. ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்துகள் மேவிப்போய், எண்களை விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நேற்று மாலை சங்கத்தில் இந்த மறுமொழிகளை உரக்க வாசித்தேன். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. முதல் சால்வை, பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த ஒருவரின் மனைவிக்கு; ஊரில் மூத்தவர் அவர்தான். அவருக்கு நடக்க முடியாது என்பதால் நாற்காலியோடு தூக்கி வருவதாக இளைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தக் கல்லின் மேல் படிந்த சுண்ணாம்பை எழுத்து சிதையாமல் எப்படி எடுப்பது?

மறுமொழி: ஆசிரியை, குடியாத்தம்

ஐயா, ஆசிட் எதுவும் ஊற்ற வேண்டாம்; இரும்புத் தகட்டால் சுரண்டவும் வேண்டாம். ஈரத்துணியைச் சில மணி நேரம் கல்லின் மேல் ஒட்டவைத்து, சுண்ணாம்பு இளகியதும் மூங்கில் குச்சியாலும் மெல்லிய தூரிகையாலும் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக எடுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சுத்தமானபின் எழுத்துகளுக்கு எனாமல் பெயிண்ட் பூச யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள்.