சோயா மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடலாமா?

மழைத்துளி:
வயது 51. மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து, நைட்டி நனையும் அளவுக்கு வியர்க்கிறது. ஹார்மோன் மாத்திரை என்றால் பயம். மருந்துக்கடையில் சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரையைக் கொடுத்து, "தாவர ஈஸ்ட்ரோஜன்தான் (பெண் ஹார்மோன் போன்றது), பக்கவிளைவே கிடையாது" என்கிறார்கள். நம்பலாமா?

அடுப்பங்கரை:
தாராளமாகச் சாப்பிடுங்கள். ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக டோஃபு, மிசோ என்று சோயாவில் செய்ததுதான் சாப்பாடு. யாருக்கு என்ன ஆகிவிட்டது?

பழைய_கணக்கு:
அவர்கள் சாப்பாட்டில் ஒரு நாளைக்குச் சேரும் ஐசோஃப்ளேவோன் சுமார் 25 முதல் 50 மில்லிகிராம். பிரித்தெடுத்து அடைத்த மாத்திரை வேறு கதை. இத்தாலியில் மாதவிடாய் நின்ற 376 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குத் தினம் 150 மி.கி., மற்றவர்களுக்குச் சோயா இல்லாத வெறும் மாத்திரை. இரண்டரை வருடத்தில் வித்தியாசமே தெரியவில்லை. ஐந்து வருடம் முடிந்தபோது, சோயா எடுத்தவர்களில் 3.37 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பையின் உட்சுவர் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது. மற்ற குழுவில் ஒருவருக்கும் இல்லை. "பக்கவிளைவே கிடையாது" என்று கடைக்காரர் எதை வைத்துச் சொல்கிறார்?

அடுப்பங்கரை:
பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டீர்களே சார். அதே ஆய்வில் ஒருவருக்கும் புற்றுநோய் இல்லை. 2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகத்திலோ தைராய்டிலோ கெடுதல் காட்டும் ஆதாரம் இல்லை, கர்ப்பப்பைக்கும் 150 மி.கி. வரை இரண்டரை வருடத்துக்குப் பாதிப்பு தெரியவில்லை என்றது. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்து பிழைத்த ஐயாயிரத்துச் சொச்சம் பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள் (2009). சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு.

பழைய_கணக்கு:
ஷாங்காயில் பார்த்தது உணவு. சோயா பாலையும் டோஃபுவையும் வைத்து மாத்திரைக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. அந்த ஐரோப்பிய அறிக்கையிலேயே இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. மாதவிடாய் இன்னும் முழுசாக நிற்காத, தள்ளித் தள்ளி வரும் கட்டத்தில் இருப்பவர்களைப் பற்றி முடிவு சொல்லத் தரவு போதாது என்றார்கள். ஈஸ்ட்ரோஜன் சார்ந்த புற்றுநோய் வந்தவர்களைப் பற்றியும் அதே பதில்தான். நம் ஊரில் 44, 45 வயதிலேயே இதை வாங்குகிறார்கள்.

இன்னொன்று, பலன். அமெரிக்காவில் தினம் 200 மி.கி. வீதம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள் (2011). எலும்பும் தேறவில்லை, உடம்பு கொதிப்பதாகச் சொன்னவர்கள் சோயா குழுவில்தான் அதிகம்!

அடுப்பங்கரை:
ஒரே ஒரு ஆய்வை எடுத்துக்கொண்டு ஆடாதீர்கள். 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ம் வருடத் தொகுப்பில் சூடு கொஞ்சம் குறைகிறது என்றுதான் வந்தது. பிறப்புறுப்பு வறட்சியும் குறைந்தது.

பழைய_கணக்கு:
ராத்திரி வியர்வை குறையவில்லை என்பதும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. மழைத்துளி கேட்டதே அதைத்தானே?

வார்டு_அக்கா:
நர்ஸாக இருக்கிறேன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மழைத்துளி, முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். உணவுத்துறை விதியில் வருகிற சரக்கு அது. மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிபென் சாப்பிடுபவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அப்புறம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், இந்த மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், டாக்டரிடம் போய்க் காட்டியே ஆகவேண்டும். "சூட்டுக்கு வந்திருக்கும்" என்று ஆறு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மழைத்துளி:
நன்றி அக்கா. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டும் சேருமா?

வார்டு_அக்கா:
சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். சோயா எதுவானாலும், மீல்மேக்கர் குழம்பு உட்பட, சில மணி நேரம் தள்ளியே வையுங்கள். ஆரம்பித்தால் ஆறேழு வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.

அடுப்பங்கரை:
இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம் என்றால் எனக்கும் சரி. ஆனால் பயமுறுத்துவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய_கணக்கு:
நான் தொடாதே என்று சொல்லவில்லையே. ஹார்மோன் சிகிச்சைக்குப் பயந்து இதற்கு வருகிறார்கள். அந்தப் பயமே 2002-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இவருக்கு 51. நல்ல மகப்பேறு டாக்டரிடம் உட்கார்ந்து ஹார்மோனைப் பற்றியே ஒருமுறை நேராகக் கேட்டுவிட்டு, அப்புறம் சோயாவுக்கு வரட்டும்.