விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு: அப்பாவின் கணினியை மாற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய மடிக்கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இவ்வளவு பழைய செயலியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம் என்றிருக்கிறேன். அவர் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்பவர். பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய கட்டுரைகளும் ஏராளம். அவர் திணறாதபடி எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

இயங்குதளத்தில் கைவைக்கும் முன் மென்பொருள்களை மாற்றிவிடுங்கள். ஆவணங்கள் எழுத லிப்ரே ஆபீஸ், இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ் இரண்டும் விண்டோஸிலும் இயங்குவதால், ஒரு மாதம் அவற்றிலேயே அவர் பழகட்டும். பிறகு மின்ட்டுக்கு வரும்போது அவருக்குப் புதிதாக இருப்பவை தொடக்கப் பட்டியும் கோப்புறைகளின் இடமும் மட்டுமே.

மின்ட்டில் ஐபஸ் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 கிடைக்கும். ககரத்தை இருமுறை அடித்தால் ‘க்க’ வருகிறதா என்று நீங்களே சோதித்துவிட்டு அவரிடம் கொடுங்கள். பழகிய கை முதலில் தடுமாறுவது அங்கேதான்.

பாமினிதான் சற்று வம்பானது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய குறியாக்கம். திரையில் ‘அம்மா’ என்று நாம் காண்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. அந்த எழுத்துருவை மின்ட்டிலும் நிறுவினால் கட்டுரைகளைப் படிக்கலாம்; ஆனால் ஒரு சொல்லைத் தேடியெடுக்க வேண்டுமானால் இன்றைய பொதுக் குறியாக்கமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியே ஆகவேண்டும். மாற்றியபின் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆயினும் பழைய வன்தட்டைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி (வேகமான சேமிப்புத் தட்டு) ஒன்றில் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை நிறுவுங்கள். அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் பழைய தட்டைத் திரும்பப் பொருத்தினால் போதும். அதற்கு முன் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் அச்சுப்பொறியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 3

அவசரப்பட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே பதிவு செய்துகொண்டால், வீட்டுப் பயனர்களுக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அந்தக் கெடுவுக்குள் நிதானமாகப் பழக்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தேன். அச்சுப்பொறியைத் தானாகவே கண்டுகொண்டது. ஆனால் மீண்டும் விண்டோஸுக்கு வந்ததும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிட்டது. அப்பா பார்த்துவிட்டு, “தொடக்கமே சரியில்லையே” என்கிறார்.

மறுமொழி 2

அது பழுதன்று. தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதிவைக்கிறது. லினக்ஸோ உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஐந்தரை மணி நேரம்தான் நீங்கள் கண்டது. இப்போதைக்கு விண்டோஸின் நேர அமைப்பில் ‘இப்போதே ஒத்திசை’ என்பதை அழுத்துங்கள்; மின்ட் மட்டும் நிறுவப்பட்ட கணினியில் இந்தச் சிக்கல் எழாது.