போலீசுக்கு ‘இலவச’ எம்ராப்: செலவு யார் தலையில்?

திண்ணைவாசி கேட்டது:

ராணுவத்தின் உபரிச் சாமானைப் போலீசுக்குக் கொடுக்கும் அமெரிக்காவின் 1033 திட்டம் பற்றித் தெரிந்தவர்கள் விளக்க முடியுமா? இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஓடிய, கண்ணிவெடி தாங்கும் எம்ராப் கவச வண்டியை, முப்பது காவலர்கூட இல்லாத சின்ன ஊர் போலீசுக்கும் ராணுவம் ‘இலவசமாக’க் கொடுக்கிறது. பட்டியலில் ஒரு வண்டிக்கு 7,33,000 டாலர் என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். நிஜமாகவே இலவசமா? எந்த ஊர் என்ன வாங்கியது என்று வெளியாள் பார்க்க வழி உண்டா? இன்னொன்றும் புரியவில்லை. துப்பாக்கி உரிமைக்காரர்களும் போலீஸ் அத்துமீறலை எதிர்ப்பவர்களும் கீரியும் பாம்புமாக இருப்பவர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே பக்கம் நிற்கிறார்களே, ஏன்?

கணக்கர்72:

பெயர்க் காரணத்திலிருந்து வருகிறேன். 1997 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் 1033ஆம் பிரிவு. அதற்கு முன்பே, 1990 வாக்கில், போதைப்பொருள் ஒழிப்புக்கென்று 1208 என்ற பிரிவில் இதே வேலை தொடங்கிவிட்டது. நடத்துவது டிஎல்ஏ என்ற ராணுவத் தளவாட முகமை. அதற்குள் லெசோ என்று ஓர் அலுவலகம், மிச்சிகனில் பேட்டில் கிரீக் ஊரில் இருக்கிறது. இதுவரை கைமாறிய சரக்கின் கொள்முதல் விலை 700 கோடி டாலருக்கு மேல்.

போலீஸ் துறை முதலில் மாநில ஒருங்கிணைப்பாளரிடம் பதிய வேண்டும். பிறகு டிஎல்ஏவின் இணையக் கிடங்கில் பொருளைத் தேடி, எதற்கு வேண்டும் என்று காரணம் எழுதிக் கேட்க வேண்டும். மாநிலம் ஒப்பினால் லெசோவுக்குப் போகும். போதைப்பொருள், பயங்கரவாதம், எல்லைக் காவல் என்று எழுதியவருக்கு முன்னுரிமை. நாலு தெரு உள்ள ஊரும் பயங்கரவாதம் என்று எழுதுவது அதனால்தான். ஒரு காவலருக்கு ஒரு ரைஃபிள், மூன்று காவலருக்கு ஒரு ஹம்வி (ராணுவ ஜீப் மாதிரி), துறைக்கு ஒரு எம்ராப் என்று உச்சவரம்பு உண்டு. வாங்கியதை ஓராண்டுக்குள் பயன்படுத்தவும் வேண்டும். இந்த விதி வம்பானது. சும்மா நிறுத்தி வைத்தால் விதிமீறல் என்றால், வாரண்ட் கொடுக்கப் போகும்போதும் அதையே ஓட்டிக்கொண்டு போகத் தோன்றும்.

பலர் கவனிக்காதது உரிமை யாருடையது என்பது. மேசை, கூடாரம், பூட்ஸ் மாதிரிச் சாதாரணச் சாமான் ஓராண்டு கழிந்தால் ஊருக்கே சொந்தம். ரைஃபிள், எம்ராப், இரவுப் பார்வைக் கருவி எல்லாம் கடைசிவரை ராணுவத்துடையவை. விற்க முடியாது, பக்கத்து ஊருக்குத் தன்னிச்சையாகத் தள்ளிவிட முடியாது. திருப்பிக் கொடுக்கவும் லெசோ அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொன்றையும் எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு ரைஃபிள் காணாமல் போனாலும் துறையைத் திட்டத்திலிருந்து நிறுத்தி வைப்பார்கள். வாரத்துக்கு வாங்கிய மாடாவது கன்றில் பங்கு தரும். இது தீனி மட்டும்தான் கேட்கும்.

டீசல்மணி:

அந்தத் தீனியைப் பற்றிச் சொல்கிறேன்.

எம்ராப் ரகத்துக்கு ரகம் மாறும் என்றாலும் எடை 14 டன்னில் தொடங்கி 20ஐத் தாண்டும். அடிப்பகுதி ‘வி’ வடிவம். கீழே வெடித்தால் அதன் விசை இரு பக்கமும் சிதறிப் போகும். அதற்காக உடலை உயரத் தூக்கிக் கட்டியதால் ஈர்ப்பு மையமும் மேலே ஏறிவிட்டது. மண் சாலை ஓரம் சரிந்தால் வண்டி கவிழும்; ராணுவத்திலேயே இப்படிக் கவிழ்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். கிராமப்புறப் பாலங்கள் பலவற்றில் எடை வரம்புப் பலகை இருக்கும். அவசரத்துக்குக் கிளம்பும் முன் எந்தப் பாலம் தாங்கும் என்று வரைபடம் போட்டு வைக்க வேண்டிய வண்டி இது.

மின்சாரம் 24 வோல்ட். போலீஸ் ரேடியோ, சைரன், விளக்கு எல்லாம் 12 வோல்ட். நடுவில் கன்வெர்ட்டர் போடாமல் நேரே இணைத்தால் ரேடியோ போச்சு. காற்றுப் போனாலும் ஓட டயருக்குள் ரன்-ஃபிளாட் வளையம் இருப்பதால் சாதாரண டயர் கடை இயந்திரத்தில் கழற்ற வராது. உதிரிப் பாகம் ராணுவக் கையிருப்பில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் இன்னொரு எம்ராப்பைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கேலனுக்கு 5 மைல் கிடைத்தாலே பெரிது. வண்டியை ஊருக்குக் கொண்டுவர டிரெய்லர் வாடகையும், பாலைவன வண்ணத்தை மாற்றும் பெயின்ட் கூலியும், ஓட்டுநர் பயிற்சியும், காப்பீடும் ஊர் பட்ஜெட்டில்தான் விழும்.

ஊருக்குள் ஒருவன் ரைஃபிளோடு வீட்டுக்குள் பதுங்கியிருந்தால் போலீசுக்குக் கவசம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேண்டியது குண்டு தாங்கும் கவசம். கண்ணிவெடி தாங்கும் அடிப்பகுதி எதற்கு? லென்கோ நிறுவனத்தின் பேர்கேட் கவச வண்டி ஃபோர்டு எஃப்-550 சேசிஸில் கட்டியது, எடை சுமார் 8 டன். விலை லட்சக்கணக்கான டாலர், ஆனால் எந்த ஃபோர்டு டீலரும் எஞ்சினைத் திறந்து பார்ப்பான். பக்கத்து மூன்று நான்கு ஊர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினால் போதும்.

அந்த 7,33,000 டாலர் ராணுவம் புதிதாக வாங்கியபோது கொடுத்த விலை. தேய்மானமே கழிக்கவில்லை. அதைக் காட்டி ‘ஊருக்கு இவ்வளவு லாபம்’ என்று தீர்மானத்தில் எழுதினால் சிரித்துவிடுங்கள்.

வேங்கைமரம்:

துப்பாக்கி உரிமைக் கோணம். அமெரிக்கச் சட்டத்தில் மெஷின் கன் என்றால் டிரிக்கரை ஒரு தடவை அழுத்தினால் ஒன்றுக்கு மேல் குண்டு பாய்வது. 1934 சட்டப்படி அதைப் பதிய வேண்டும், கைரேகை, போட்டோ, 200 டாலர் வரி. 1986 மே 19க்குப் பிறகு பொதுமக்களுக்கான பதிவேட்டையே மூடிவிட்டார்கள். அதற்கு முன் பதிவான எம்16 ராணுவ ரைஃபிள்கள் மட்டுமே கைமாறலாம். புதிதாக ஒன்றுகூடச் சேராததால் விலை பல பத்தாயிரம் டாலர். அதே எம்16 1033 பட்டியலில் 499 டாலர் மதிப்பு போட்டு, அனுப்பும் கூலிக்குப் போலீசுக்குப் போகிறது. பழைய எம்14க்கு 138 டாலர். பல துறைகள் வாங்கியதும் உள்பாகத்தை மாற்றி ஒவ்வொரு குண்டாகச் சுடும்படி பூட்டிவிடுகின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால் கூட்டாட்சி விதி அதைக் கட்டாயமாக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பு ‘பொதுவாக மக்களிடம் இருக்கும் ஆயுதத்துக்கு’ப் பாதுகாப்பு என்றது. 1986இல் வாங்க விடாமல் தடுத்துவிட்டு, மக்களிடம் இல்லையே என்பதையே காரணம் காட்டினால் அது நாய் தன் வாலைத் துரத்துவதுதான். இதற்கு நேரான பதில் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.

இரு முகாமும் கைகோக்கும் இடம் வேறு: கதவைத் தட்டாமல் உடைத்து நுழையும் நோ-நாக் வாரண்ட். வீட்டுக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை உண்டு, அத்துமீறி நுழைபவனைச் சுடவும் சட்டம் இடம் தருகிறது. நள்ளிரவில் கதவை உடைப்பது போலீசா திருடனா என்று எப்படித் தெரியும்? 2020 மார்ச் 13 அன்று லூயிவில்லில் பிரியோனா டெய்லர் வீட்டில் நடந்தது இதுதான். கையில் இருந்தது நோ-நாக் வாரண்ட். கதவைத் தட்டிச் சொன்னோம் என்றது போலீஸ், கேட்கவில்லை என்றார் உள்ளே இருந்த டெய்லரின் காதலர். உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த அவர் ஒரு தடவை சுட்டார். திரும்பி வந்த குண்டுகளில் செத்தது டெய்லர். சுட்டவர் மீது போட்ட கொலை முயற்சி வழக்கை அரசே கைவிட்டது. நகரம் 1.2 கோடி டாலர் இழப்பீடு தந்தது. அதே ஆண்டு ஜூனில் நோ-நாக்கைத் தடை செய்ய செனட்டில் மசோதா கொண்டுவந்தவர் கென்டக்கியின் ராண்ட் பால், குடியரசுக் கட்சிக்காரர். திண்ணைவாசியின் மூன்றாம் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

திண்ணைவாசி:

ஆனால் டெய்லர் வீட்டு வாசலில் எம்ராப் நிற்கவில்லையே? இடிகட்டையால் கதவை இடித்ததற்கும் ராணுவ உபரிக்கும் என்ன தொடர்பு? இன்னொன்று, போலீசுக்குக் கொடுக்காவிட்டால் இவை பழைய இரும்புக்குத்தானே போகும். அதைவிட இது மேல் இல்லையா?

கணக்கர்72:

முதல் கேள்வி நியாயம். சாமானைவிடப் பழக்கம்தான் பெரிய பிரச்சினை. 2022இல் டெக்சாஸின் யுவால்டி பள்ளிக்குள் துப்பாக்கிக்காரன் புகுந்தபோது 376 காவலர்கள் கூடியும் 77 நிமிடம் வகுப்பறைக்குள் போகவில்லை. அங்கே சாமானுக்கா பஞ்சம்? 2014இல் மிசூரியின் பெர்கூசனில் போராட்டத்தின்போது உலகம் பார்த்த கவச வண்டிகளையும் 1033 தலையில் கட்டுகிறார்கள். அது பாதிதான் சரி. போலீசின் கவச வண்டிகளில் பல உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மானியப் பணத்தில் புதிதாக வாங்கியவை. 1033ஐ மட்டும் மூடினால் அந்தக் குழாய் திறந்தே இருக்கும். 1122 என்று இன்னொரு வழியும் உண்டு: அதில் மாநிலங்கள் புதுச் சரக்கையே கூட்டாட்சி அரசின் தள்ளுபடி விலைக்கு வாங்கலாம்.

இரண்டாவது கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. எம்ராப் வாங்கியதே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ரோட்டோரக் குண்டுகளிலிருந்து உயிர் காத்த வண்டி அது. அவசரத்தில் சுமார் 27,000 வாங்கினார்கள், போர் ஓய்ந்ததும் வைக்க இடமில்லை. ஆப்கானிஸ்தானில் எவ்வளவோ வண்டிகளை அங்கேயே துண்டு போட்டு இரும்பாக விற்றார்கள். வேண்டாததை வாங்குவது வேறு கதை. 2012இல் தரைப்படைத் தலைவர் ஓடியர்னோ புது ஏப்ராம்ஸ் டாங்கி வேலை தேவையில்லை என்று காங்கிரஸிடமே சொன்னார். இருந்தும் ஒஹையோவின் லைமா டாங்கி ஆலையை ஓட வைக்கப் பணம் ஒதுக்கப்பட்டது. உதிரிப் பாகத்திலும் இதே கூத்து: 2019இல் பென்டகனின் தலைமைத் தணிக்கையாளர் டிரான்ஸ்டைம் நிறுவனத்தின் 47 பாகங்களைப் பார்த்து 46இல் மிகை லாபம், மொத்தம் 1.61 கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார். 2018 முதல் பென்டகன் முழுத் தணிக்கையில் ஒரு முறைகூடத் தேறவில்லை. எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாத கிடங்கிலிருந்து போவதை ‘உபரி’ என்று யார் உறுதி சொல்வது?

கொடுக்கும் பக்கம் எப்படி என்றால், 2017இல் ஜிஏஓ தணிக்கை அமைப்பு இல்லாத ஒரு போலீஸ் துறையைக் காகிதத்தில் உருவாக்கி விண்ணப்பித்தது. இரவுப் பார்வைக் கண்ணாடி, பயிற்சிக்கான போலி ரைஃபிள், போலிக் குழாய் வெடிகுண்டு உட்பட 100க்கும் மேற்பட்ட பொருள் வந்து சேர்ந்தது. மதிப்பு சுமார் 12 லட்சம் டாலர்.

ஆற்றங்கரை:

ஒரே பக்கம் பேசாதீர்கள். வெள்ளத்தில் உயரமான ராணுவ லாரி இல்லாமல் டெக்சாஸ், லூசியானா கவுண்டிகள் என்ன செய்யும்? முதலுதவிப் பெட்டியும் ஜெனரேட்டரும் இந்த வழியில்தான் வருகின்றன. பட்டியலில் எண்ணிக்கைப்படி ஆயுதம் சிறு பகுதிதான். ஆள் புகக்கூடாத இடத்தில் வெடிகுண்டைப் பார்க்கப் போகும் ரோபோவை வேண்டாம் என்பீர்களா?

கணக்கர்72:

லாரியையும் ரோபோவையும் யாரும் எதிர்க்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிக் கல்வித் துறையின் போலீசிடம் ஓர் எம்ராப்பும் மூன்று கிரனேட் லாஞ்சரும் இருந்தன. 2014இல் செய்தி வெளியானதும்தான் திருப்பினார்கள். பிரிப்பது அந்த இடத்தில்தான்.

வாஷிங்டனை நம்பிப் பயனில்லை. 2015இல் ஒபாமா சிலவற்றைத் தடை செய்தார், 2017இல் டிரம்ப் நீக்கினார், 2022இல் பைடன் மறுபடி கட்டுப்பாடு போட்டார், 2025 ஜனவரியில் அதுவும் போனது. உள்ளூர்ச் சட்டம்தான் நிற்கிறது. நியூஜெர்சி 2015இலிருந்து உள்ளூர் மன்ற ஒப்புதல் கேட்கிறது. கலிபோர்னியாவின் ஏபி 481 இன்னும் இறுக்கம்: எதை, எத்தனை, எதற்கு, என்ன செலவில் என்ற கொள்கை வரைவைக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே பொதுவில் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் எங்கே பயன்படுத்தினோம் என்று அறிக்கை தர வேண்டும். இந்தச் சட்டம் இல்லாத ஊரிலும் மன்றத்தில் இதே நான்கையும் கேட்கலாம். கூடவே விண்ணப்பத்தில் எழுதிய காரணத்தின் நகலையும். மன்றத்தில் ‘வெள்ள மீட்பு’ என்று சொல்லி, காகிதத்தில் ‘போதைப்பொருள் சோதனை’ என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே திரும்பிவிடும்.

பார்க்கும் வழி: லெசோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாநிலவாரியாக எக்செல் கோப்பு வெளியிடுகிறது. ஊர் பெயர், பொருள், எண்ணிக்கை, கொள்முதல் விலை, அனுப்பிய தேதி எல்லாம் இருக்கும். இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஓராண்டு கழிந்து ஊருக்குச் சொந்தமானதும், திருப்பிக் கொடுத்ததும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். பழைய கோப்பைச் சேமித்து வைக்காதவர் இன்றைய கோப்பை வைத்து வரலாறு சொல்ல முடியாது. ராணுவச் சாமானால் குற்றம் குறைந்தது என்ற 2017 ஆய்வுகள் பின்னால் ஆட்டம் கண்டதற்கு இந்த மாதிரித் தரவுக் கோளாறும் ஒரு காரணம். எம்ராப் என்று தேடினால் கிடைக்காமலும் போகும், பெயர் ‘மைன் ரெசிஸ்டன்ட் வெஹிக்கிள்’ என்று இருக்கும். ஒவ்வொரு சரக்குக்கும் உள்ள 13 இலக்க என்எஸ்என் எண்ணின் முதல் நான்கைப் பிடியுங்கள்: 1005 ரைஃபிள், 1010 கிரனேட் லாஞ்சர், 1385 ரோபோ, 2355 கவச வண்டி, 5855 இரவுப் பார்வை.

டீசல்மணி:

2320 விட்டுப்போச்சு. ஹம்வி, லாரி எல்லாம் அதில் வரும். ஆற்றங்கரை தேடுவது அங்கேதான் இருக்கும்.