தலைகீழாகத் தொங்கும் ஹம்மிங் பறவை: வான்கூவருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஹம்மிங் பறவைகள் குடிக்கத் தோட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி மாட்டியவர்கள் குளிர்காலம் வந்தாலே பதறிப்போய்க் கேட்கிறார்கள்: "பறவை தலைகீழாகத் தொங்குகிறது, அசைவே இல்லை, செத்துவிட்டதா?" பெரும்பாலும் இல்லை. தயவுசெய்து அதைப் பிடுங்கி எடுக்காதீர்கள்.

வான்கூவரை ஒட்டிய பர்னபி நகரில் என் முதல் டிசம்பரில், அப்படித் தொங்கிய ஒரு பறவையைக் கண்டு நானும் துண்டோடு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அரை மணி நேரம் கழித்து அதன் உடல் நடுங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் விர்ரென்று பறந்துவிட்டது. அந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

அது அன்னா ஹம்மிங் பறவை. 2017இல் வான்கூவர் மாநகரம் தன் பறவையாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். நம் ஊர்த் தேன்சிட்டுக்கு இது உறவில்லை. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. நான்கைந்து கிராம் உடம்பு, அதிலும் பல பறவைகள் குளிருக்குத் தெற்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுகின்றன. இரவு முழுவதும் உடல் சூட்டைக் காக்கும் அளவுக்குத் தீனி சேர்த்துவைக்க அதனால் முடியாது. ஆகவே சூட்டைக் குறைத்து, பறக்கையில் நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும் இதயத் துடிப்பை ஐம்பது அளவுக்கு இறக்கி, மரத்துப்போய் உறங்குகிறது. சில சமயம் பிடி நழுவாமலே உடல் மட்டும் கவிழ்ந்துவிடும்.

ஒன்று மற்றொன்றை விரட்டுவதும் நோயல்ல, உணவிடத்தைக் காக்கும் சண்டை. பார்வைக்கு எட்டாத மறுபக்கத்தில் இன்னொரு குப்பி மாட்டுங்கள். ஆண் பறவை உயரே ஏறி, செங்குத்தாகப் பாய்ந்து, "கீச்" என்று ஒலியெழுப்பினால் அது காதல் முறையீடு. அந்த ஒலி வால் இறகிலிருந்து வருகிறது.

நான் உண்மையில் அஞ்சுவது நம் நல்லெண்ணத்தைப் பற்றித்தான். சத்து என்று நினைத்துத் தேனோ வெல்லமோ பனங்கற்கண்டோ கரைக்காதீர்கள். தேன் கலந்த நீரில் பூஞ்சை எளிதில் பெருகும். வெல்லத்திலுள்ள இரும்புச்சத்து இவற்றுக்குக் கேடு. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவே. சிவப்புச் சாயம் வேண்டாம். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கழுவுங்கள். நாக்கு வீங்கி வெளியே தொங்கினாலோ, பகலெல்லாம் இறகை உப்பிக்கொண்டு குப்பியிலேயே உட்கார்ந்திருந்தாலோ வனவிலங்கு மீட்பு மையத்தை அழையுங்கள்.

உறைபனி நாட்களில் இரவு குப்பியை உள்ளே எடுத்துவைத்து, விடியுமுன் மாட்டிவிடுங்கள். அதில் பறவை தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.