தலைவரே இல்லாத ஊரில் தலைமை பற்றி புராஜெக்ட் செய்தவர்கள் இருக்கீங்களா?

இரண்டாமாண்டு:
பி.ஏ. பொது நிர்வாகம் படிக்கிறேன். உள்ளாட்சித் தலைமை பற்றி ஒரு ஊராட்சியை எடுத்துக் கள ஆய்வு செய்யணும். "தலைவரின் தலைமைப் பண்புகள்"னு தலைப்பும் கொடுத்தாச்சு. ஆனா எங்க மாவட்டத்துல 2025 ஜனவரி 5-ஓட எல்லாத் தலைவர்களுக்கும் பதவிக்காலம் முடிஞ்சு, பொறுப்பெல்லாம் தலைவருக்குப் பதிலா அரசு நியமிக்கிற தனி அலுவலர்கிட்ட போயிடுச்சு. பூட்டின வீட்டுக்கு விருந்தாளியா வந்த மாதிரி இருக்கு. இந்த மாதிரி படிச்சவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

தனி அலுவலர் காலத்து ஆள்:
தம்பி, உனக்கு நாலு மாசம்தான் ஆச்சு. நான் கல்லூரியில சேர்ந்தது 2016. அந்த அக்டோபர்லயே உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சுது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகள்ல. அதுக்குள்ள நான் டிகிரியே வாங்கிட்டேன். அரசியலமைப்போட 73-வது திருத்தம், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல்னு மூணு வருஷமும் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினேன். வெளியில ஒரு வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது.

எனக்கும் இதே தலைப்புதான். வழிகாட்டிப் பேராசிரியர்கிட்ட சொன்னேன். "பழைய தலைவரைப் பாரு"ன்னார். திருவண்ணாமலை பக்கம் ஒரு ஊர். பழைய தலைவர் வீட்டுத் திண்ணையில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவர் கட்டின கலையரங்கத்தோட வரலாறு முழுக்கக் கேட்டேன். அதுக்கு மேல அவர்கிட்ட எனக்கு எதுவும் கிடைக்கல.

2019 ஜனவரி 26 கிராம சபைக்குப் போனேன். ஒன்றியத்துல உள்ள அத்தனை ஊராட்சிக்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒருத்தர்தான் தனி அலுவலர். அவர் எங்கே வர்றது? பற்றாளர்னு ஒருத்தரை அனுப்பியிருந்தாங்க. மரத்தடியில இருபத்தஞ்சு பேர் இருந்தா அதிகம். ஐநூறு பேருக்கு மேல மூவாயிரம் பேர் வரைக்கும் உள்ள ஊருக்குக் கோரம், அதாவது குறைஞ்சபட்சம் வர வேண்டியவங்க, நூறு. ஊராட்சி செயலர் வரவு செலவை ஒரே மூச்சுல வாசிச்சு முடிச்சு, கையெழுத்துக்குத் தீர்மான நோட்டைக் கைமாத்தி விட்டார். வராதவங்க கையெழுத்து சாயந்திரம் வீடு வீடா வாங்கிக்குவாங்களாம்.

நோட்டு ஒரு அம்மாகிட்ட வந்தது. நூறு நாள் வேலைக்குப் போறவங்க. பேனாவை வாங்கி நோட்டு மேல வச்சுட்டுக் கேட்டாங்க: "தெருவிளக்குக்குன்னு ஒரு தொகை படிச்சீங்களே, எங்க தெருவுல எந்தக் கம்பத்துல எரியுது? காட்டுங்க, போடறேன்." செயலர் சிரிச்சார். பற்றாளர் வாட்சைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்திரிக்கவும் இல்ல, குரலை உசத்தவும் இல்ல. நோட்டை மட்டும் கொடுக்கல. கால் மணி நேரம் அப்படியே போச்சு. கடைசியில ரெண்டு கம்பத்தோட எண்ணைச் செயலர் தீர்மானத்துல எழுதிக் காட்டினப்புறம்தான் கையெழுத்து. ஒரு மாசம் கழிச்சுப் போனப்போ ஒரு கம்பத்துல எரிஞ்சுது. இன்னொண்ணு எரியல, அதையும் சொல்லிடறேன்.

அதே ஊர்ல டேங்க் ஆபரேட்டர் ஒருத்தர். அந்த வருஷக் கோடை ஞாபகம் இருக்கும், போர்வெல்ல காத்துதான் வந்துச்சு. டேங்க் பாதிதான் நிறையும். எல்லா வால்வையும் ஒண்ணா திறந்தா மேட்டுத் தெருவுக்குச் சொட்டுகூட ஏறாது. அவரா ஒரு முறை வச்சுக்கிட்டார்: மேட்டுத் தெருவுக்கு முதல்ல, பள்ளத்துக்குக் கடைசியில. பெரிய வீடெல்லாம் பள்ளத்துலதான். தினம் ஏச்சு வாங்குவார். "சாவியைப் பிடுங்கிக்கிட்டா கொடுத்துடுவேன், கையில இருக்கிற வரைக்கும் இப்படித்தான் திறப்பேன்"ன்னார்.

இந்த ரெண்டு பேரையும் பத்தி இருபது பக்கம் எழுதினேன். "இவங்க தலைவர்கள் இல்லையேப்பா"ன்னு பேராசிரியர் சிவப்பு மையால அடிச்சு, கலையரங்கத்தை மட்டும் விட்டு வச்சார்.

பத்து ரூபா வில்லை:
பேராசிரியர் மேல தப்பில்ல, மதிப்பெண் பட்டியல்ல "தலைவர்"னுதானே இருக்கும்.

என் கதை சின்னது. எங்க வகுப்புல ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போடச் சொன்னாங்க. கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, பேருந்து நிழற்குடைக்கு ஆன செலவைக் கேட்டேன். முப்பது நாள்ல பதில் வரணும். பதிலுக்கு முன்னாடி எங்கப்பாவுக்கு போன் வந்தது: "தம்பி எதுக்குங்க இதெல்லாம்? நேர்ல கேட்டா சொல்ல மாட்டோமா?" அப்பா மூணு நாள் என்கூடப் பேசல. நாலாவது நாள், "என்னதான் பதில் வந்துச்சு?"ன்னார். இப்போ ரேஷன் கடை எடை பத்தி அவரே மனு போடற அளவுக்கு வந்துட்டார்.

எழுநாள் முகாம்:
நாட்டு நலப்பணித் திட்டம் வழியாத்தான் நான் ஊராட்சி அலுவலகத்தையே பார்த்தேன். 2022-ல ஏழு நாள் சிறப்பு முகாம். முதல் ரெண்டு நாள் கோயில் தெருவை மட்டும் கூட்டினோம். காலனிப் பக்கம் ஏன் போகலைன்னு ஒரு ஜூனியர் கேட்டப்புறம்தான் எங்களுக்கே உறைச்சுது. "திட்டத்துல இல்ல"ன்னு ஒரு பதில் வந்தது. மூணாம் நாள் துடைப்பத்தை எடுத்துக்கிட்டு அவளே நடந்தா. நாங்க பின்னாடி போனோம்.

அந்த ஊராட்சித் தலைவர் பெண். 2016 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பாதி இடம் பெண்களுக்குத்தானே. நாங்க பேட்டிக்குப் போனா அவங்க வீட்டுக்காரர் நாற்காலியில உட்கார்ந்து பதில் சொல்றார், அவங்க காபி கொண்டு வர்றாங்க. கேள்வித்தாளை மடிச்சு வச்சுட்டு அடுப்படிக்கே போனேன். "அக்கா, செக் புக் யார்கிட்ட இருக்கு?" அரிசி டிரம்மைத் திறந்து காட்டினாங்க. உள்ள இருந்தது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்க முடியும். துணைத் தலைவர் மூணு மாசமா போடல. மோட்டார் மெக்கானிக் தினம் வாசல்ல நிக்கிறார். வீட்டுக்காரர், "நீயே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு, மத்ததை நான் பேசிக்கறேன்"னு கேட்டிருக்கார். அவங்க கொடுக்கல. "இதுல ஒண்ணு போனாலும் ஜெயிலுக்குப் போறது நான்தானே பாப்பா"ன்னாங்க.

முகாம் அறிக்கையில நான் எழுதினது: "தலைவர் ஒத்துழைப்பு நல்கினார்." இன்னைக்கு நினைச்சாலும் கூச்சமா இருக்கு.

வடமராட்சி:
இஞ்சை யாழ்ப்பாணத்திலயும் அதே கதைதான். நான் அரசறிவியல் படிச்சனான். 2018-ல தெரிவான பிரதேச சபைகளின்ர (எங்கட உள்ளூராட்சி சபைகள்) காலம் 2023 மார்ச் 19-ஓட முடிஞ்சுது. அந்த மார்ச் 9-ல நடக்க இருந்த தேர்தலும் நடக்கேல்லை. அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் செயலாளர்தான் சபை. முந்தியெண்டா வாய்க்கால் அடைச்சால் வட்டார உறுப்பினரின்ர படலையில நிண்டு கூப்பிடலாம். பிறகு எல்லாம் கடிதம்தான். எங்கட ஒழுங்கையில வெள்ளம் நிண்டபோது சனசமூக நிலையத் தலைவர்தான் மண்வெட்டியோட இறங்கினவர். பேப்பர் வாசிக்கப் போன பெடியள் எல்லாரையும் சேர்த்து இறக்கிப்போட்டார். 2025 மே 6-ஆம் திகதிக்குத் தேர்தல் குறிச்சவை. அவரைத் தேர்தல்ல நிக்கச் சொல்லிக் கேட்டம், "எனக்கு முழங்கால் ஏலாது"ண்டு போட்டார்.

பத்து ரூபா வில்லை:
தம்பிக்கு இன்னொரு வழியும் இருக்கு, 21 வயசு ஆகட்டும், நீயே நில்லு. 2020 டிசம்பர்ல ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானப்போ பி.எஸ்சி. கணிதம் படிச்சுக்கிட்டிருந்தாங்க, வயசு 21. கிருஷ்ணகிரி பக்கம் கே.என்.தொட்டியிலயும் ஒரு கல்லூரி மாணவி தலைவரானாங்க.

இரண்டாமாண்டு:
அண்ணே, நான் நின்னா எங்க வீட்டு ஓட்டே சந்தேகம்.

தலைப்பை மாத்த முடியாதுன்னு துறையில சொல்லிட்டாங்க. "பண்புகள்" இருக்கட்டும், "தலைவரின்"ங்கிறதை மட்டும் எடுத்துடவான்னு கேட்டிருக்கேன், யோசிச்சுச் சொல்றேன்னாங்க. நாளை மறுநாள் மே 1, கிராம சபை. எங்க ஊர்ல எந்த இடத்துல, எத்தனை மணிக்குன்னு கேட்க செயலருக்குக் காலையில இருந்து மூணு தடவை போன் அடிச்சேன், எடுக்கல. டேங்க் ஆபரேட்டர் எடுத்தார். "பள்ளிக்கூடத்துலதான் தம்பி, பதினொரு மணிக்கு. நோட்டு சாயந்திரம் வீட்டுக்கே வரும், ஆனா நீ வா"ன்னார்.