புதுப்பிப்பு: ஹீட் பம்ப் பொருத்திய வீட்டில் முதல் குளிர்காலம்

லண்டன் புறநகரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் பொருத்தலாமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். பொருத்தி ஒரு குளிர்காலமும் கடந்துவிட்டதால், நிலவரத்தைப் பதிகிறேன்.

வீடு போதுமான அளவு சூடாகுமா என்பதே பலரும் எழுப்பிய ஐயம். சூடாகிறது, ஆனால் முறை வேறு. பாய்லர் 70 டிகிரியில் அனுப்பிய நீரை இது 45 டிகிரியையொட்டி நாள் முழுவதும் சுற்றவிடுவதால், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் (வெந்நீர் ஓடும் சுவர்த் தகடுகள்) சிலவற்றைப் பெரிதாக்க வேண்டியிருந்தது; வெந்நீர்த் தொட்டிக்காக மாடிப்படி அருகிலிருந்த அலமாரியும் போயிற்று (அதிலிருந்த பாத்திரங்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை).

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. ஆயினும் பிரிட்டனில் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால், கட்டணம் வெகுவாகக் குறையும் என்று நம்பி இதில் இறங்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு தரும் 7,500 பவுண்டு மானியம் இல்லையென்றால் நாங்கள் துணிந்திருக்க மாட்டோம்.

ஈரமும் குளிரும் சேர்ந்த காலைகளில் வெளியே உள்ள இயந்திரத்தின் மீது வெண்பனி படிகிறது; அப்போது அது சில நிமிடங்கள் தன் ஓட்டத்தைத் திருப்பி, ஆவி பறக்க அதை உருக்குகிறது. அந்த நீர் நடைபாதையில் மீண்டும் உறைந்து வழுக்குவதால், வடிகாலைப் பற்றிப் பொருத்துபவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூரைக்கு வெப்பக்காப்பு இல்லாதவர்கள் அதை முதலில் செய்வது நல்லது.