மாநிலம் மாறினால் லைசன்ஸும் மாறும்: அமெரிக்கா வந்திருக்கும் நம் டாக்டர்களுக்கு

ஊரில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு, கணவர் வேலைக்காக டெக்சாஸ் வந்திருக்கும் ஒரு தங்கை, இங்கே பிராக்டிஸ் செய்ய என்ன லைசன்ஸ் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதே நிலையில் இன்னும் பலர் இருப்பீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அமெரிக்கா முழுவதற்கும் செல்லும் மருத்துவ லைசன்ஸ் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாநிலத்தின் மெடிக்கல் போர்டும் தனித்தனியாகக் கொடுக்கிறது. ஊரில் பத்து வருடம் மருத்துவம் பார்த்தவராக இருந்தாலும், அது கைக்கு வராமல் இங்கே யாருக்கும் மருத்துவம் பார்ப்பது குற்றம். தெரிந்தவர்கள் மாத்திரை கேட்டால், அவர்களுடைய டாக்டரிடமே போகச் சொல்லுங்கள்.

அமெரிக்க மருத்துவ லைசன்ஸ் தேர்வான யூஎஸ்எம்எல்இ-யின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே, ஓஇடி ஆங்கிலத் தேர்வு எல்லாம் முடித்து வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் ஈசிஎஃப்எம்ஜி அமைப்பின் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி, ஸ்டெப் 3, அப்புறம்தான் முழு லைசன்ஸ். ரெசிடென்சியின்போது கிடைக்கும் பர்மிட் அந்தப் பயிற்சிக்கு மட்டுமே.

எந்த மாநிலத்தில் தங்கப் போகிறீர்கள் என்பதை முன்பே யோசியுங்கள். வெளிநாட்டில் படித்தவர்களிடம் டெக்சாஸ் 2 வருட ரெசிடென்சி கேட்கிறது, நியூயார்க் 3 வருடம். யூஎஸ்எம்எல்இ-யில் ஒரு ஸ்டெப்பை 4 முறை வரை எழுதலாம். ஆனால் டெக்சாஸ் பொதுவாக 3 முறைக்குள் தேறியிருக்க வேண்டும் என்கிறது. இது தவிர, அந்த மாநிலச் சட்டம் பற்றித் தனியாக ஒரு தேர்வும் உண்டு. எத்தனை முறை எழுதினீர்கள் என்பது எண்ணப்படுவதால், "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று எந்த ஸ்டெப்பும் எழுதப் போகாதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் தவிப்பது பெயரில்தான். எம்பிபிஎஸ் பட்டத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். எனக்கும் இதே கதைதான். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் பல வாரம் ஓடிவிட்டது, வேலையில் சேரும் தேதியும் தள்ளிப்போனது. தங்கை, ஈசிஎஃப்எம்ஜி-யில் பதிவு செய்வதற்கு முன்பே பெயரைச் சரி செய்துவிடுங்கள். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவையும் காலாவதியாக விடாதீர்கள். முன்பு பதிவு செய்திருந்த இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கேட்கும் போர்டுகள் உண்டு. ரெசிடென்சி சேர்ந்ததும் டாக்டர்களின் ஆவணங்களைச் சரிபார்த்து வைத்திருக்கும் எஃப்சிவிஎஸ் சேவையில் ஒரு கோப்பு திறந்துவிட்டால், சரிபார்த்த ஆவணங்கள் அங்கேயே நிரந்தரமாக இருக்கும். அடுத்த மாநிலத்துக்குப் பொதுவாக மறுபடி கல்லூரிக்கு எழுத வேண்டியிருக்காது.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். படிப்பில் விழுந்த இடைவெளி, தோற்ற தேர்வு, பழைய போலீஸ் வழக்கு எதுவானாலும் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். நடந்த விஷயத்தைவிட, மறைத்தது பின்னால் தெரியவந்தால்தான் போர்டு கடுமையாகப் பார்க்கும்.

லைசன்ஸ் வந்த பிறகும் கவனம் தேவை. வீடியோவில் பார்த்தாலும், நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநில லைசன்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட வலி மருந்துகளை எழுத மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஇஏ-வில் பதிவு தனி, 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் சிறப்புத் துறைக்கான போர்டில் (இது மாநில போர்டு அல்ல) சான்றிதழ் பெற்ற பிறகு, பல மாநிலங்கள் சேர்ந்திருக்கும் காம்பாக்ட் என்ற ஒப்பந்தம் வழியாக விண்ணப்பித்தால் அடுத்தடுத்த லைசன்ஸ் வேகமாகக் கிடைக்கும். முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ மருத்துவமனைகளில் மட்டும், ஏதாவது ஒரு மாநில லைசன்ஸ் இருந்தால் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்.